மலைக்குப் பட்ட கடன்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் கணபதியில் வீட்டுக்கு வீடு ஒரே ஆலோசனைதான்: "இந்த வருஷம் எங்கே போகலாம்?" முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல், பழனி என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னால் குழந்தைகள் குதிப்பார்கள், பெரியவர்கள் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்க ஆரம்பிப்பார்கள். இப்பொழுதோ, பூகோளப் படத்தையே கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். சிங்கப்பூரும் துபாயும் பழங்கதையாகிவிட்டன. நம்மிடம் படித்து, இன்று பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் காண வந்திருந்தார். "குடும்பத்தோட பெரு தேசத்துக்குப் போறோமுங்க, சார். ஊட்டியைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சுங்க. அங்கே மலைன்னா மலையாமுங்க, இயற்கை, கலாசாரம் ரெண்டையும் ஒண்ணாப் பாக்கலாமுங்க" என்று உற்சாகத்துடன் கூறினார்.

போய் வரட்டும் என்று மனமார ஆசீர்வதித்தோம். கிணற்றுத் தவளையாக இருப்பதில் யாருக்கும் பெருமை இல்லை. ஆனாலும் அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் அவர் விடைபெற்றுச் சென்ற பிறகும் நம் மனத்தில் தங்கிவிட்டன. ஊட்டி சலித்துவிட்டது என்பது ஒன்று. பெரு என்பது நமக்குச் சம்பந்தமே இல்லாத புது இடம் என்று அவர் எண்ணியது மற்றொன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையும் நமது நீலகிரியும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொடுக்கல் வாங்கல் உள்ள சம்பந்திகள். அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், பாக்கி நம் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த வாரம் வாசகர்களுடன் சேர்ந்து அந்தப் பழைய கணக்கைச் சற்றுப் புரட்டுவோம்.

மூன்று வர்ணப் புடவை

நெசவுக்குப் பேர்போன சீமையில் வாழும் நமக்குப் பெரு தேசத்தின் அமைப்பை விளக்குவது சுலபம். மேற்கிலிருந்து கிழக்காக, மூன்று வர்ணங்களில் நெய்த புடவை அது. பசிபிக் சமுத்திரத்தின் ஓரமாக மணல் நிறத்தில் ஒரு நீண்ட கரை, அது பாலைவனம். நடுவே வெள்ளையும் சாம்பலுமாக உடல் பாகம். அதுதான் ஆண்டிஸ் மலைத்தொடர். அதற்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை முந்தானை. அது அமேசான் மகாவனம். அத்தேசத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய உவாஸ்கரானின் உயரம் 6,768 மீட்டர். நமது தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். இரண்டரைத் தொட்டபெட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் அந்தச் சிகரத்துக்கு எட்டாது.

இங்கா அரசர்களின் தலைநகராக இருந்த கூஸ்கோ, ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். ஆகையால் போனவுடனே மலையேறப் புறப்படாமல், முதல் இரண்டு நாட்கள் சும்மா இருந்து, நிறையத் தண்ணீர் குடித்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். இருதய நோயோ சுவாச நோயோ உள்ள பெரியவர்களை வைத்தியரைக் கேட்காமல் அழைத்துச் செல்லலாகாது. மே மாதம் முதல் செப்டம்பர் வரை அங்கே மழையில்லாத காலம். ஜூன் 24ஆம் தேதி கூஸ்கோவில் சூரியனுக்குத் திருவிழா நடக்கிறது. ஸ்பானிய ஆட்சியில் தடை செய்யப்பட்ட அவ்விழா 1944-இல் மறுபடியும் உயிர்பெற்றது.

மறுபடியும் உயிர்பெற்றது என்றோமே, அந்தத் தேசத்தின் சரித்திரமே அப்படிப்பட்டதுதான். 1532-இல் பிசாரோ என்ற ஸ்பானியத் தளபதி ஒரு சிறு படையுடன் வந்து, அதாவால்பா என்ற இங்கா மன்னரை விருந்துக்கு அழைப்பதுபோல் அழைத்துச் சிறைபிடித்தான். ஓர் அறை நிறையப் பொன் தந்தால் விடுதலை என்று பேச்சு. பொன் வந்தது, விடுதலை வரவில்லை, 1533-இல் மன்னரின் உயிர்தான் போயிற்று. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், 1780-இல், இரண்டாம் தூபாக் அமாரு என்ற வீரர் ஸ்பானியரை எதிர்த்து மலைநாட்டு ஜனங்களைத் திரட்டினார். 1781-ஆம் வருஷம் கூஸ்கோ நகரச் சதுக்கத்திலே அவர் கண்ணெதிரே குடும்பத்தாரைக் கொன்று, பிறகு அவரையும் கொன்றார்கள். அடுத்த கால் நூற்றாண்டுக்குள், 1805-இல், நமது தீரன் சின்னமலையைச் சங்ககிரி மலையில் வெள்ளையர் தூக்கிலிட்டதைப் படித்தவர்களுக்கு இந்தக் கதையை அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. 1821-இல் பெரு சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஆனால் மலைவாசிகளின் தாய்மொழியாகிய கெச்சுவா அரசாங்க மொழியென்ற அந்தஸ்தைப் பெற 1975 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"கண்டுபிடித்தவர்கள்"

பெருவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் மச்சுப்பிச்சு என்ற மலைநகரைக் காணவே போகிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் இங்காக்கள் சுண்ணாம்பின்றிக் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிய நகரம் அது. அதன் உயரம் சுமார் 2,430 மீட்டர். அதாவது நமது உதகமண்டலத்தைவிட இருநூறு மீட்டர் அதிகம். தொட்டபெட்டாவைவிட இருநூறு மீட்டர் குறைவு. ஊட்டி சலித்துப்போன நம் சிநேகிதர், ஏறக்குறைய ஊட்டியின் உயரத்துக்கு ஏறுவதற்காகத்தான் பாதி பூமியைச் சுற்றிப் போகிறார்!

இந்நகரை 1911-இல் ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் "கண்டுபிடித்தார்" என்று புத்தகங்கள் கூறும். அவரை அங்கே அழைத்துச் சென்றவர் அடிவாரத்து விவசாயி ஒருவர். மேலே போனால், பழைய கட்டடங்களின் நடுவே குடியானவர்கள் குடும்பத்துடன் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். பிங்காம் தோண்டியெடுத்த பொருள்கள் அவருடைய யேல் சர்வகலாசாலைக்குக் கப்பலேறின. திருப்பிக் கொடுங்கள் என்று பெரு தேசத்தார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2010-இல் ஒப்பந்தமாகி, 2011, 2012 ஆகிய வருஷங்களில் அவை கூஸ்கோவுக்குத் திரும்பி வந்தன. ஒரு நூற்றாண்டு பிடித்தது!

இதே பாஷையில்தான் நம் பாடப் புத்தகங்களும், கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி நீலகிரியைக் "கண்டார்" என்று சொல்லி வந்தன. அவர் போவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் முதலிய ஜனங்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த மலையே 1868 வரையில் கோயமுத்தூர் ஜில்லாவின் பகுதியாக இருந்தது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பட்டையின் கணக்கு

பெரு தேசத்தின் ராஜ சின்னத்தில் மூன்று உருவங்கள் உண்டு: ஒரு விகூனா மிருகம், பொற்காசுகள் சொரியும் ஒரு கொம்பு, ஒரு மரம். அம்மரம் சிங்கோனா. அதன் பட்டையிலிருந்து எடுப்பதுதான் நம் பாட்டனார்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய கொயினா. மலேரியாக் காய்ச்சலுக்கு வேறு மருந்து இல்லாத நாளில் உலகத்தைக் காத்தது அந்தப் பட்டையே. அது வளர்ந்ததோ ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் மட்டும்.

காய்ச்சல் மிகுந்த தேசங்களை ஆளப் புறப்பட்ட வெள்ளையருக்கு அந்த மரம் தம் கையில் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் கிளெமண்ட்ஸ் மார்க்கம் என்பவரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1860-இல் அவர் பெருவின் காடுகளில் புகுந்து, உள்ளூர் அதிகாரிகள் தடுக்க முயன்றும் தப்பி, நாற்றுக்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார். அவை ஊட்டி வந்து சேர்ந்தன. ஆனால் வழியில் பட்ட உஷ்ணத்தால் அநேகமாக எல்லாம் பட்டுப்போயின. அதே சமயம் ஈக்வடார் தேசத்துக் காடுகளில் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்ற தாவர சாஸ்திரி சேகரித்த செம்பட்டைச் சிங்கோனாவின் விதைகளும் நாற்றுக்களும் 1861-இல் நீலகிரிக்கு வந்து வேர் பிடித்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சோலைக் காடுகளை அழித்துத் தோட்டம் போட்டார்கள். நடுவட்டத்தில் அந்த வேலைக்குச் சீனக் கைதிகளைக்கூடக் கொண்டு வந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது. நம் கோயமுத்தூர் ஜில்லாவின் ஆனைமலையில், வால்பாறைக்கு அருகே, சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. பஸ் பலகையில் அப்பெயரைப் படிப்பவர்களில் எத்தனை பேர் ஆண்டிஸ் மலையை நினைக்கிறார்களோ, தெரியவில்லை.

இந்தக் கதையில் மறக்கலாகாத பெயர் ஒன்று உண்டு. மானுவேல் இங்க்ரா மமானி என்பவர் பொலிவியாவைச் சேர்ந்த அய்மரா மலைவாசி. எந்த மரத்தின் பட்டையில் மருந்துச் சத்து மிகுதி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக் கூடியவர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியிடம் ஊழியம் பார்த்த அவர், பல வருஷம் அலைந்து சேகரித்த உயர்ந்த ஜாதி விதைகள் 1865-இல் லண்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதியை டச்சுக்காரர்கள் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாத் தீவில் விதைத்தார்கள். பின்னர் உலகத்துக் கொயினா வியாபாரத்தில் பெரும்பகுதி ஜாவாவின் கைக்குப் போயிற்று. மமானிக்கு என்ன கிடைத்தது? மற்றொரு முறை விதை சேகரிக்கப் போனபோது உள்ளூர் அதிகாரிகளிடம் பிடிபட்டார். யாருக்காகச் சேகரித்தாய் என்று சிறையில் போட்டு அடித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. வெளியே வந்த சில நாட்களில் உயிர் நீத்தார். உலகத்தின் மிகச் சிறந்த கொயினா மரத்துக்குத் தாவர சாஸ்திரிகள் வைத்த பெயரில் லெட்ஜர் இருக்கிறார், மமானி இல்லை.

அந்தப் பட்டையால் நம் தேசத்திலும் எத்தனையோ லட்சம் உயிர்கள் பிழைத்தன. தபாலாபீசில் காகிதப் பொட்டலமாகக் கொயினா விற்ற காலமும் உண்டு. நன்மை நடந்தது வாஸ்தவம். அந்நன்மையைக் கொடுத்தவர்களுக்குத் திரும்பிப் போனது ஒன்றுமில்லை என்பதும் அதே அளவு வாஸ்தவம்.

கிழங்கின் கணக்கு

மேட்டுப்பாளையத்து மண்டியில் நீலகிரி உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாக இறங்குவதை நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு உருளைக்கிழங்குப் பொரியல் இல்லாத பந்தியைக் கொங்கு நாட்டில் இன்று கற்பனை செய்ய முடியுமா? அந்தக் கிழங்கின் பிறந்தகம் பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையே, 3,800 மீட்டர் உயரத்தில் கிடக்கும் டிட்டிகாக்கா ஏரிப் பிரதேசம். ஏழாயிரம் வருஷங்களுக்கு முன்பே அங்கே பயிரிட்டார்கள். மஞ்சள், சிவப்பு, கருநீலம் என்று ஆண்டிஸ் மலையில் இன்றும் நாலாயிரத்துக்கும் குறையாத உருளை வகைகள் உண்டு. நம் வீட்டு அம்மாக்கள் வெயிலில் வற்றல் போடுகிறார்கள் அல்லவா? அங்கேயுள்ள அம்மாக்கள் பனியில் வற்றல் போடுகிறார்கள். இரவு உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, உலர்த்தி எடுத்தால் வருஷக்கணக்கில் கெடாது. அதற்கு "சூனியோ" என்று பெயர். இன்னும், நம் கடலைக் காட்டு நிலக்கடலையின் பூர்விகமும் பொலிவியா அடிவாரம்தான். ரசத்துக்குப் போடும் தக்காளியின் காட்டு உறவினர்களும் பெருவில் உண்டு.

1961-இல் நமது நீலகிரி உருளைக்கு ஓர் ஆபத்து தெரியவந்தது. வேரில் பொன்னிற முட்டைக் கூடுகளாக ஒட்டிக்கொண்டு செடியை வாட வைக்கும் நூற்புழு மலையில் பரவியிருந்தது. அந்தப் புழுவின் சொந்த ஊரும் ஆண்டிஸ் மலையே. விதைக் கிழங்குகளோடு உலகெங்கும் சுற்றியிருக்கிறது. நோய் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் மருந்தும் இருந்தது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1957-இல் ஏற்பட்ட உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார், ஆண்டிஸ் தொடரில் வளரும் காட்டு உருளையின் எதிர்ப்புச் சக்தி கலந்த வகையிலிருந்து "குஃப்ரி ஸ்வர்ணா" என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். ஆக, இரண்டாவது முறையும் அந்த மலைதான் நமக்குக் கை கொடுத்தது.

இங்கேதான் பெரு தேசத்து ஜனங்கள் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறார்கள். 1971-இல் லிமா நகரில் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் ஏற்பட்டது. ஆண்டிஸ் கிராமங்களில் அலைந்து சேகரித்த வகைகளை அது பாதுகாத்து வந்தது. இதற்கிடையில், கூஸ்கோவுக்கு அருகே பிசாக் பகுதியின் ஆறு கிராமத்தார் தங்கள் நிலங்களை ஒன்று சேர்த்து "உருளைக்கிழங்குப் பூங்கா" அமைத்தார்கள். எங்கள் பாட்டன் பயிரிட்ட வகைகளை எங்களுக்கே திருப்பித் தாருங்கள் என்று மையத்தைக் கேட்டார்கள். 2004-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நூற்றுக்கணக்கான வகைகள் அந்த மலைக்கே திரும்பின. பெருவுக்குப் போகிறவர்கள் மச்சுப்பிச்சுவில் செலவிடும் நேரத்தில் பாதியை இந்தக் கிராமத்தாரோடு செலவிடலாம் என்பது நம் அபிப்பிராயம்.

புல்லின் கணக்கு

கூஸ்கோவுக்குத் தெற்கே அபுரீமாக் ஆற்றின் மேல் குவெஸ்வாச்சாக்கா என்ற ஒரு பாலம் உண்டு. நீளம் ஏறக்குறைய 28 மீட்டர். முழுவதும் மலைப் புல்லால் முறுக்கிய கயிற்றால் ஆனது. ஒவ்வொரு ஜூன் மாதமும் நான்கு கிராமத்தார் கூடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு கயிறு என்று கணக்கு. சிறு கயிறுகளை முறுக்கிப் பெருங்கயிறாக்கி, பழைய பாலத்தை அறுத்து விட்டு, சில நாட்களில் புதுப் பாலம் கட்டி முடிப்பார்கள். பக்கத்திலேயே இரும்புப் பாலம் இருக்கிறது. மோட்டார் வண்டிகள் அதில் போகின்றன. ஆனாலும் கட்டுகிறார்கள். இங்காக்கள் காலத்திலிருந்து வரும் வித்தை கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக. கொரோனாவினால் கூட முடியாமற்போன காலத்தில், 2021-இல், கயிறு நைந்து பாலம் விழுந்தது. அதே ஜூன் மாதத்தில் மறுபடியும் கட்டிவிட்டார்கள்.

நமது நீலகிரியிலும் புல்லால் கட்டும் வித்தை ஒன்று உண்டு. தோடர்களின் மந்துக்களில் உள்ள கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்திலே கூம்புபோல் உயர்ந்து நிற்கும் கோயில் பிரசித்தம். அதன் கூரைக்கு மலையுச்சிச் சதுப்பு நிலங்களில் விளையும் ஒருவகைப் புல்தான் வேண்டும். கூரை பழுதாகும்போது சமூகத்தார் கூடிப் புல் சேகரித்து வேய்கிறார்கள். தோடர்களின் ஜனத்தொகை ஏறக்குறைய இரண்டாயிரம்தான். கைகள் குறைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். புல்லே குறைந்து வருகிறது என்பதுதான் கவலை. சர்க்கார் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பின்னும், "வெறும் புல்வெளி, வீண் நிலம்" என்று எண்ணி, அவற்றில் தைல மரமும் சீகை மரமும் நட்டார்கள். மீதியில் தேயிலை ஏறிற்று. தோடர் எருமைக்கு மேய்ச்சல் போயிற்று. கோயிலுக்குக் கூரைப் புல் அருகிற்று.

பெருவில் புல்லைக் காப்பாற்றிய பாலத்தைப் பார்க்கப் பத்தாயிரம் மைல் போகும் நாம், அறுபது மைலுக்குள் இருக்கும் புல்லைப் பார்த்ததுண்டா? ஊட்டி சலித்துவிட்டது என்கிறவர்கள் பார்த்த ஊட்டி, படகுத் துறையும் ரோஜாத் தோட்டமும் கடைத் தெருவும் அல்லவா?

தண்ணீரின் கணக்கு

புல் போனால் தோடருக்குத்தானே கஷ்டம் என்று யாரேனும் நினைத்தால், அவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கட்டும். சோலையும் புல்வெளியும் சேர்ந்த மலைச் சிகரம் ஒரு பெரிய கடற்பஞ்சு. மழைக் காலத்தில் உறிஞ்சி, வெயிற் காலம் முழுவதும் கசியவிடுகிறது. அப்படிக் கசிந்த நீர்தான் பவானியாகப் பில்லூர் அணையில் தேங்கி, குழாய் வழியே கோயமுத்தூருக்கு வருகிறது. தோடர்கள் தெய்வமாகப் போற்றும் பைக்காரா ஆற்றிலிருந்து 1932-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் நம் ஊர்ப் பஞ்சாலைகள் பல்கிப் பெருகின. இந்த ஊரின் சோறும் துணியும் அந்தப் புல்லின் வேரில் இருக்கின்றன என்றால் மிகையில்லை.

லிமா நகரத்துக்கும் இதே நிலைமை. ஒரு கோடிப் பேர் வாழும் நகரம். மழை அநேகமாகக் கிடையாது. குடிப்பது முழுவதும் மலைத் தண்ணீர். பெருவின் பனிப்பாறைகளோ, 1962 முதல் இன்றுவரை பாதிக்கு மேல் உருகிவிட்டன. லிமாவுக்கு மேலேயுள்ள மலைகளில் இங்காக்களுக்கும் முந்திய "அமூனா" என்ற கால்வாய்கள் உண்டு. மழைக்கால வெள்ளத்தைத் திருப்பி மலைச் சரிவின் பாறைச் சந்துகளில் இறக்கிவிடுவார்கள். அது பூமிக்குள்ளேயே மெள்ள நகர்ந்து, மாதக்கணக்கில் கழித்து, கீழே ஊற்றாகக் கிளம்பும். இடிந்து கிடந்த அந்தக் கால்வாய்களைக் கிராமத்தார் இப்பொழுது செப்பனிட்டு வருகிறார்கள். நொய்யலில் அணைக்கட்டுகளும் குளங்களும் தொடராக அமைத்த நம் முன்னோர்கள் இதைக் கண்டிருந்தால் தங்கள் பங்காளிகள் என்று கட்டித் தழுவியிருப்பார்கள்!

2015-இல் லிமாவின் குடிநீர்க் கட்டண விகிதத்தை நிர்ணயித்தபோது, வசூலில் நூற்றுக்கு ஒரு பங்கை மலையிலுள்ள நீர்ப்பிடிப்புகளைக் காக்க ஒதுக்கும்படி செய்தார்கள். பணம் சேர்ந்ததும் செலவாவதும் தாமதப்பட்டதுண்டு. எந்தத் தேசத்துச் சர்க்கார் காரியமும் அப்படித்தானே? ஆயினும் தண்ணீர் குடிக்கும் நகரத்தான் தண்ணீர் தரும் மலைக்கு ஏதேனும் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை சட்டத்தில் ஏறிவிட்டது. கெச்சுவா ஜனங்களிடம் "அய்னி" என்று ஒரு சொல் வழங்குகிறது. இன்று உன் காட்டில் நான் களை எடுத்தால், நாளை என் காட்டுக்கு நீ வர வேண்டும் என்பது பொருள். மனிதனுக்கும் மனிதனுக்கும் மட்டுமின்றி, மனிதனுக்கும் பூமிக்கும் இதே முறை என்பது அவர்கள் தர்மம். உப்பிட்டவரை மறக்கலாகாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது புது வேதாந்தமா என்ன?

நாம் செய்யத் தக்கவை

பெருவுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். மச்சுப்பிச்சுவுக்கு நேரமும் பாதையும் குறித்த சீட்டு வாங்கியே போக வேண்டும். அதை முன்கூட்டி வாங்கி, குறித்த பாதையிலேயே நடக்கட்டும். உள்ளூர்க் கிராமத்தாரையே வழிகாட்டியாக அமர்த்தட்டும். கம்பளியை நெய்தவர் கையிலிருந்தே வாங்கட்டும். விதை, கிழங்கு, சிற்பத் துண்டு ஒன்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வர வேண்டாம்; அந்த வழியில் போனவர்களின் கதையை மேலே சொல்லியிருக்கிறோம். "சுல்பைக்கி" என்ற ஒரு சொல்லையாவது கற்றுக்கொண்டு போகட்டும். கெச்சுவாவில் அதற்கு "உங்களுக்கு நன்றி" என்று அர்த்தம். உருளைக்கிழங்கு தின்கிறவர்கள் அந்தச் சொல்லை அங்கே போய்ச் சொல்ல வேண்டியது நியாயம்தான்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு கட்டினார்கள். அதைக் கேட்டு முணுமுணுத்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. மச்சுப்பிச்சுவில் இதே வரம்புக்கு டாலரில் பணம் கட்டிக் கைகட்டி நிற்கும் நாம், நம் சொந்த மலைக்காகச் சற்றுப் பொறுக்கலாகாதா? மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயில், 1899-இல் குன்னூர் வரை ஏறி, 1908-இல் ஊட்டியை எட்டியது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகாரம் பெற்றது. அதிலே இடம் கிடைத்தால் போங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் போங்கள். தோடர் மந்துக்குள் அவர்கள் அனுமதி பெற்றே நுழையுங்கள். சிவப்பும் கறுப்புமாக அவர்கள் பெண்டிர் போடும் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. கடைத்தெருப் போலிச் சரக்கை விட்டு, தைத்தவரிடமே ஒரு துண்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கு ரோஜாவைக் காட்டுவதோடு நில்லாமல், எஞ்சியிருக்கும் ஒரு புல்வெளியையும் காட்டி, "நாம் குடிக்கும் தண்ணீர் இங்கேதான் பிறக்கிறது" என்று சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. நம் மாநகராட்சி வசூலிக்கும் தண்ணீர்க் கட்டணத்தில் ரூபாய்க்கு ஒரு காசு, நீலகிரியின் புல்வெளியையும் சோலையையும் மீட்பதற்கு என்று ஒதுக்கினால் என்ன? அந்நிய மரங்களை அகற்றிப் புல் வளர்க்கும் வேலையை மலைவாசிகளுக்கே கூலி கொடுத்துச் செய்விக்கலாம். எந்தப் புல் எங்கே வளரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? வார்டு உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, சாக்கடையையும் தெருவிளக்கையும் கேட்பதோடு இதையும் ஒரு கேள்வியாகக் கேளுங்கள். லிமா நகரத்தாரால் முடிந்த காரியம் கோயமுத்தூராரால் முடியாது என்று சொன்னால், கொங்கு நாட்டார் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றே நம்புகிறோம்.